பார்ட்லி தெரியாது என்று சொன்ன கதைகள்

எங்கள் கிளின்வாரா கிராமத்தில் ஒருவர் வேண்டாம் என்று சொன்னால் வியாபாரம் ஆரம்பமாகிவிட்டது என்று அர்த்தம். இரண்டாம் தடவையும் வேண்டாம் என்றால் அவருக்கு அது நிச்சயம் வேண்டும். மூன்றாம் தடவை சொல்லி, தொப்பியை எடுத்துக்கொண்டு வாசல்வரை நடந்தால் தேநீரைக் கோப்பையில் ஊற்றிவிடலாம். ஆறுவதற்குள் திரும்பி வந்துவிடுவார். நான் கடைக்காரர் வீட்டுப் பெண். அப்பா முன்பக்கம் மாவும் தேயிலையும் மண்ணெண்ணெயும் விற்பார், பின்பக்கம் கிடாரிக் கன்றும் ஆட்டுத்தோலும் முட்டையும் வாங்குவார். எனக்குப் பல் முளைத்த வயதிலேயே இந்தப் பேச்சு பழகிவிட்டது.

டொனகாவுக்கு இதை டப்ளினில் யாரும் சொல்லி அனுப்பவில்லை. அவனுடைய அப்பா ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவர். அங்கே விலையைச் சொல்வார்கள், காசை வைப்பார்கள், வண்டி கிளம்பிவிடும். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவனைத்தான் கிராமத்துக் கதைகளைச் சேகரித்து வா என்று அரசாங்கச் சம்பளத்தில் அனுப்பிவைத்தார்கள். ஐரிஷ் மொழியைப் பள்ளிக்கூடத்தில் படித்து, கோடை விடுமுறைகளில் தீவுகளுக்குப் போய் நன்றாகத் தீட்டிக்கொண்டவன். இலக்கணத்தில் ஒரு தூசு கிடையாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருடம் ஜனவரி மாதம், கொட்டுகிற மழையில், சைக்கிளில் எங்கள் கடை வாசலில் வந்து இறங்கினான். இறங்கினான் என்பது மரியாதைக்குச் சொல்வது. பின்னால் கட்டியிருந்த மரப்பெட்டி முதலில் இறங்கியது, சைக்கிளின் முன்சக்கரம் மேலே எழும்பியது, அவன் நடுவில் தொங்கினான்.

மாடி அறை ஆறு வாரத்துக்கு அவனுக்கு. அம்மா வழக்கம்போல் கேட்டாள்: "தம்பி, ஒரு வாய் டீ குடிக்கிறீங்களா?"

"ஆமாங்க, குடிக்கிறேன்."

அம்மா அப்படியே நின்றாள். பிறகு என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். "ஏண்டி சோரகா, சரின்னுட்டானே! நான் இன்னும் தண்ணியே வெக்கலையே. இருபத்தஞ்சு வருஷத்துல எவனும் முதல் வாட்டியே சரின்னது கிடையாது."

"கேக் வேணுமான்னு கேட்டுப் பாரும்மா."

கேட்டாள். அதற்கும் சரி என்றான். மூன்று துண்டு தின்றான். பாவம், எத்தனை நாள் பட்டினியோ என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா கதவிடுக்கு வழியாக அவனைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "இவனுக்கு நான் ஒரு மாடு விக்கணும்" என்றார்.

மரப்பெட்டிக்குள் இருந்தது பேச்சுப்பெட்டி. ஒரு குழாயில் வாயை வைத்துப் பேசினால், உள்ளே சுழலும் மெழுகு உருளையில் பேச்சு கீறிப் பதியும். புகைபிடிக்கும் சுங்கானில் ஒரு தடவை அடைத்த புகையிலை எரிகிற நேரத்துக்கு ஓர் உருளை தாங்கும். இரவு முழுக்க அதை ஓட்டி ஓட்டிக் கேட்டு, டொனகா ஒரு சொல் விடாமல் நோட்டில் எழுதுவான். நோட்டும் உருளையும் டப்ளினுக்குப் போகும். நோட்டைத் தோல் அட்டை போட்டுக் கட்டி என்றென்றைக்கும் வைத்திருப்பார்களாம்.

கதை என்றால் பார்ட்லியிடம் போ என்று ஊரே அவனுக்குச் சொன்னது. நாங்களும் சொன்னோம். எழுபத்தொரு வயது, மூன்று வட்டாரத்தில் அவருக்கு இணை கிடையாது. ஒரு குளிர்காலத்தில் அவர் ஆரம்பித்த கதையைக் கேட்கப் பக்கத்து ஊரிலிருந்து வந்த ஒரு மனிதர், கதை முடிவதற்குள் இந்த ஊரிலேயே பெண் பார்த்து நிச்சயமும் செய்துகொண்டார்.

மறுநாள் டொனகா போனான். அதற்கு மறுநாள் பார்ட்லியின் மனைவி பைபீன் கடைக்கு வந்து, எதுவும் வாங்காமல், முட்டைக்கூடையைக் கவுண்டரில் வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"வெள்ளையடிச்சோம் சோரகா. ஜனவரி மாசத்துல, மழையில, வெள்ளையடிச்சோம். நாயக் குளிப்பாட்டினேன். அது இன்னும் என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்குது."

"என்னாச்சு அத்தை?"

"வந்தான். நல்ல பிள்ளதான், தொப்பியெல்லாம் கழட்டினான். 'பெரியவரே, உங்ககிட்ட நிறைய கதை இருக்குன்னு சொல்றாங்க'ன்னான். இவரு என்ன சொல்வாரு? 'என்கிட்டயா? எந்தப் பொய்க்காரன் சொன்னான்? ஒரு கதையும் கிடையாது'ன்னாரு. முறைப்படிதானே சொன்னாரு?"

"முறைதான். அதுக்கு அவன்?"

"'மன்னிச்சுக்குங்க, தப்பாச் சொல்லிட்டாங்க போல'ன்னான். நோட்டுல என்னமோ எழுதினான். போய்ட்டான்."

"போய்ட்டானா!"

"கதவ வேற சாத்திட்டுப் போனான்டி. இவரு சுங்கான்ல புகையிலய அடச்சு முடிக்கல. இன்னமும் கையில வெச்சுக்கிட்டு கதவையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. 'மழைக்கு எங்கயோ ஒதுங்கி நிக்கிறான், வந்துருவான்'ங்கறாரு."

அன்று மாலை டொனகாவின் மேசைக்கு விளக்கு கொண்டுபோனபோது நோட்டைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாதுதான். அழகான கையெழுத்து. 'பார்ட்லி, வயது 71. நேர்மையான மனிதர். கதைகள் இல்லை.'

இதைப் பைபீனிடம் சொன்னது என்னுடைய முட்டாள்தனம். பைபீன் பார்ட்லியிடம் சொன்னாள். கதைகள் இல்லை என்பதைக்கூட அவர் தாங்கியிருப்பார். நேர்மையான மனிதர் என்று எழுதியிருக்கிறானே, அதுதான் அவரைச் சாய்த்துவிட்டது. தோல் அட்டை போட்டு டப்ளின் அலமாரியில் நூறு வருடம் கழித்து ஒருத்தன் திறந்து பார்ப்பான். கிளின்வாராவில் பார்ட்லி என்று ஒரு கிழவன் இருந்தான், உள்ளே காலி, கேட்டதும் ஒப்புக்கொண்டான் என்று படிப்பான். அந்த நோட்டு ஊரைவிட்டுப் போவதற்குள் அந்த வரியை அழிக்கவைக்க வேண்டும். அவராகப் போய், ஐயா என்னிடம் கதை இருக்கிறது என்று சொல்லவும் முடியாது. மாட்டை ஓட்டிக்கொண்டு போய் வாங்குகிறவன் வீட்டுக் கதவைத் தட்டினால் நொண்டி மாடு என்றல்லவா நினைப்பான்!

இதற்கிடையில் டொனகா ஃபெஷ்டியின் வீட்டுக்குப் போய்விட்டான். ஃபெஷ்டி பாஸ்டன் நகரத்தில் ஒரு சலவைக்கூடத்தில் ஒன்பது வருடம் வேலைபார்த்து, ஒரு தங்கப்பல்லோடும் எந்த நாகரிகமும் இல்லாமலும் திரும்பி வந்தவர். "கதையா? இருக்கே! எதுல பேசணும், இந்தக் குழாய்லயா?" என்று கேட்டாராம். பதினொரு உருளை பேசினார். அதில் நான்கு கதைகள் சலவைக்கூடத்தில் நடப்பவை. ஒன்றில் அரக்கன் வருகிறான். அவன்தான் அங்கே மேலாளர். டொனகா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான், பாவம், அவன் வேலை அது.

அன்றிலிருந்து ஃபெஷ்டி சாலையில் யாரைப் பார்த்தாலும் பத்து விரலையும் விரித்துக் காட்டுவார். பதினோராவதுக்குத் தங்கப்பல்லைக் காட்டுவார்.

பார்ட்லி எழுந்து உட்கார்ந்தார்.

முதலில் ஆடு. டொனகா சைக்கிளில் வரும் நேரம் பார்த்து, மழையில், மலைப்பாதையில் நின்றுகொண்டு அங்கும் இங்கும் எட்டிப் பார்த்தார். டொனகா இறங்கி, "என்ன தேடறீங்க பெரியவரே?" என்று கேட்டான்.

"ஒரு ஆடு தம்பி. கறுப்பு மூஞ்சி. இப்படித்தான் முன்ன ஒரு ராஜாவுக்கு, மேற்குத் தீவு ராஜாவுக்கு, ஒரு ஆடு தொலஞ்சு போயி..." அந்த இடத்தில் நிறுத்தி, ஓரக்கண்ணால் பார்த்தார்.

"நீங்க நனையாதீங்க, வீட்டுக்குப் போங்க! நான் தேடிக் கொண்டாரேன்" என்று சொல்லிவிட்டு டொனகா மலையேறிவிட்டான். இல்லாத ஆட்டை இரண்டு மணிநேரம் தேடினான். தேடினது மட்டுமா? கண்டுபிடித்தும்விட்டான். கறுப்பு மூஞ்சி. தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்து பார்ட்லியின் கொட்டிலில் இறக்கிவிட்டு, நன்றிகூட எதிர்பார்க்காமல் போனான். அது ஃபெஷ்டியின் ஆடு. அதைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போய், எப்படி வந்தது என்று ஃபெஷ்டிக்கு விளக்குவதற்குப் பார்ட்லிக்கு ஒரு முழு நாள் ஆயிற்று. ஃபெஷ்டி விரல்களை விரித்துக்கொண்டேதான் கேட்டாராம்.

அடுத்தது எங்கள் கடை. டொனகா மை வாங்க வந்து நிற்கும்போதெல்லாம் பார்ட்லி உப்பு வாங்க வருவார். மூன்று வாரத்தில் ஒரு பசுவைப் பதப்படுத்துகிற அளவுக்கு உப்பு வாங்கினார். கவுண்டரில் சாய்ந்து என்னிடம், "சோரகா, ஒரு விதவைக்கு மூணு பொண்ணுங்க இருந்தாங்க, மூணாவது பொண்ணுக்கு நிழலே விழாது..." என்று ஆரம்பித்து, "ஆங், அது கிடக்கட்டும். உப்பு காய்ஞ்சிருக்கா?" என்று முடிப்பார். நான் டொனகாவைப் பார்ப்பேன். ஊர்க்காரர்கள் பேசும்போது குறுக்கிடுவது அநாகரிகம் என்று அவன் கூரையில் தொங்கும் வாளிகளை எண்ணிக்கொண்டிருப்பான்.

கடைசியில் பார்ட்லி படுத்துவிட்டார். சாகப் போகிறார், இருக்கிறதையெல்லாம் கூடவே கொண்டு போகப் போகிறார் என்று பைபீன் வந்து டொனகாவின் காது கேட்க அழுதாள். டொனகா பதறிப்போய் எட்டு மைல் சைக்கிள் மிதித்துப் பாதிரியாரை அழைத்துவந்தான். நல்ல தெம்பாக இருந்த பார்ட்லி, வேறு வழியில்லாமல், போர்வைக்குள் கிடந்தபடி மூன்று வருடத்துப் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். சாகப் போகிறேன் என்று போட்ட நாடகத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டியதாயிற்று.

எனக்குப் பொறுக்கவில்லை. நேராகவே சொன்னேன்.

"டொனகா, நீங்க அவர்கிட்ட இன்னொரு வாட்டி கேக்கணும்."

"அவர்தான் இல்லைன்னு சொல்லிட்டாரே."

"அதனாலதான் கேக்கணும்."

அவன் பையிலிருந்து அலுவலகத்துக் காகிதம் ஒன்றை எடுத்துக் காட்டினான். சேகரிப்பவர்கள் எவரையும் வற்புறுத்தக் கூடாது, நாலாவது விதி. "மறுத்தவங்கள வற்புறுத்துறது மரியாதை இல்லைங்க."

"இங்க வற்புறுத்தாததுதாங்க மரியாதை இல்ல."

"புரியல."

சொல்லிப் புரியவைக்கிற விஷயமா இது! அடுத்த வெள்ளிக்கிழமை மாட்டுச்சந்தை. அதுதான் அவன் எங்கள் ஊரில் இருக்கிற கடைசி நாளும்கூட. சனிக்கிழமை காலை பஸ்ஸில் வேறு வட்டாரத்துக்குப் போக உத்தரவு வந்திருந்தது. அதிகாலையில் அவனையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம்.

அப்பாவுக்கு அன்று ஒரு சிவப்புக் கிடாரி மேல் கண். அதை ஓட்டிவந்தவர் ஒரு மலைக்காரர். அப்பா கிடாரியைச் சுற்றி வந்து, அதன் அம்மாவிலிருந்து ஆரம்பித்து அதைக் கேவலப்படுத்தினார். மலைக்காரர், "உமக்கு விக்கிறதுக்கு இத நான் கடல்ல தள்ளுவேன்" என்றார். அப்பா, "கடல் வாங்காது" என்றார். மலைக்காரர் கிடாரியை இழுத்துக்கொண்டு போனார். அப்பா எதிர்த்திசையில் போனார். கூட்டம் இரண்டு பேரையும் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தது. மறுபடியும் திட்டு. மலைக்காரர் தொப்பியைக் கழற்றிச் சேற்றில் அடித்தார். எல்லாம் அருமையாகப் போய்க்கொண்டிருந்தது. மலைக்காரர் உள்ளங்கையில் துப்பிக் கையை ஓங்கினார், அப்பாவும் துப்பிக் கையை ஓங்கினார். கையோடு கை அடித்தால் பேரம் முடிந்தது; அந்த அடிக்கு ஒரு நொடி இருக்கும்போது டொனகா நடுவில் பாய்ந்துவிட்டான்.

"போதும்! நிறுத்துங்க! ரெண்டு பேரும் வயசானவங்க!" என்று கத்தினான். மலைக்காரரின் தோளைத் தட்டிக்கொடுத்து, "நீங்க போங்க ஐயா. விக்க மாட்டேன்னு இத்தன வாட்டி சொல்லிட்டீங்க, இதுக்கு மேல உங்களத் தொந்தரவு பண்ண மாட்டாரு" என்று சொல்லி, கிடாரியின் கயிற்றையும் அவர் கையில் கொடுத்துவிட்டான்.

சந்தையே எங்கள் பக்கம் திரும்பியது.

மலைக்காரருக்கு அழுகையே வந்துவிட்டது. "யாரய்யா இவன்? நான் எப்போ விக்க மாட்டேன்னு சொன்னேன்?"

"இப்பதானே ஏழு வாட்டி..."

"ஏழு வாட்டி விலை சொன்னேன்டா!"

அப்பா டொனகாவைக் கையைப் பிடித்து அழைத்துப் போய் ஒரு வண்டிச்சக்கரத்தில் உட்கார வைத்தார். துப்பின கையா என்று எனக்குச் சந்தேகம். "தம்பி, ஒரு ஆள் மாட்டேன்னு சொன்னா, பேச வந்திருக்கான்னு அர்த்தம். விக்க விருப்பமில்லாதவன் வாயத் திறக்கவே மாட்டான். கிடாரிய வீட்ல விட்டுட்டு வருவான்."

டொனகா மெல்லக் கேட்டான். "அப்ப, இல்லைன்னு சொன்னா?"

"இருக்கு."

"தெரியாதுன்னா?"

"நெறையத் தெரியும்."

"'எங்க அப்பாவுக்குத்தான் தெரியும், எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல'ன்னு சொன்னா?"

"அந்த வீட்டுக்கு ரெண்டு பெட்டி தூக்கிட்டுப் போகணும்."

டொனகா நோட்டை எடுத்துப் புரட்டினான். ஒவ்வொரு பக்கமாக அவன் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. கதைகள் இல்லை. கதைகள் இல்லை. ஞாபகமில்லை என்கிறார், மிகவும் வருந்தினார். முப்பத்துநான்கு வீடு. ஆறு வாரம்.

"அப்ப சோரகா, உங்க வீட்ல, முதல் நாள், உங்கம்மா டீ குடுத்தப்ப..."

"அத விடு தம்பி" என்றார் அப்பா.

மிச்சம் இருந்தவை ஆறு வெற்று உருளைகளும் ஒரு சாயங்காலமும். முப்பத்துநான்கில் எந்த வீடு என்று யாரும் கேட்கவில்லை. கிடாரியை ஒருவழியாக வாங்கி வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு திரும்பினோம். வழியெல்லாம் அப்பா அவனுக்குப் பாடம் எடுத்தார். பிடிக்க வேண்டியது மணிக்கட்டு, இழுக்க வேண்டியது சட்டைக்கை, பெரியவர் முன்னால் மட்டும் துப்பாதே.

இருட்டுவதற்கு முன் கதை சொன்னால் ஆகாது என்பார்கள். பிப்ரவரியில் அதற்கு அதிகம் காத்திருக்க வேண்டாம். ஐந்தரை மணிக்கு நாங்கள் பார்ட்லியின் வீட்டுக்குள் நுழையும்போது, சந்தை விஷயம் எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. பாதி ஊர் அங்கேதான் உட்கார்ந்திருந்தது. பார்ட்லி அடுப்பின் பக்கத்தில், எதுவும் தெரியாதவர்போல், இந்தத் தடவை நிஜமாகவே அடைத்து முடித்த சுங்கானோடு இருந்தார். டொனகா பெட்டியை இறக்கி, உருளையை மாட்டி, குழாயை அவர் பக்கம் திருப்பினான். அவர் வாயைத் திறந்தால் ஒரு சொல்லும் தவறக் கூடாது என்று அப்போதே முடுக்கிவிட்டான். உருளை மாற்றுவது என் வேலை. ஆறு வாரத்தில் அது எனக்குக் கைவந்திருந்தது.

"பெரியவரே" என்றான் டொனகா, தொண்டையைச் செருமிக்கொண்டு. "ஒரு கதை சொல்லணும்."

"கதையா? என்கிட்டயா?" என்று பார்ட்லி வியந்தார். "எங்க தாத்தாகிட்ட கேட்டிருக்கணும் தம்பி. அவரு செத்து நாப்பது வருஷம் ஆச்சு."

வீடே டொனகாவைப் பார்த்தது. "நான் நம்ப மாட்டேன்" என்றான்.

"ஆஹா!" என்றது வீடு.

பார்ட்லியின் கண்ணில் அப்போது தெரிந்த வெளிச்சத்தை எப்படிச் சொல்வது! ஆறு வாரமாகப் பசியோடு இருந்தவர். "நம்ப மாட்டியா? சரி, எனக்கு என்னென்ன தெரியாதுன்னு சொல்றேன், கேட்டுக்கோ. ஒரே ராத்திரி ஒரே கட்டில்ல பொறந்த மூணு ராஜகுமாரங்க கதை எனக்குத் தெரியாது. மூத்தவன் கிழக்க போனான், ரெண்டாமவன் தெக்க போனான், கடைக்குட்டி மட்டும் அப்பாவோட பழைய பூட்ஸப் போட்டுக்கிட்டு, அது எங்க கூட்டிட்டுப் போகுதோ அங்க போனான். அந்த பூட்ஸ் அவன எங்க கூட்டிட்டுப் போச்சுன்னு கேட்டா, சத்தியமா எனக்குத் தெரியாது."

"மணிக்கட்டு! மணிக்கட்டு!" என்றார் அப்பா.

டொனகா மணிக்கட்டைப் பிடித்தான். நாடி பார்க்கிற மாதிரிப் பிடித்தான். "நல்லா இறுக்கிப் பிடிப்பா, அவருக்கு ஒண்ணும் ஆகாது!" என்று பைபீனே அதட்டினாள். நான் இரண்டாவது உருளையை மாட்டினேன்.

"விடுடா என்னைய! வெள்ளிக்கிழமைல மட்டும் பேசற குதிரையப் பத்தி எனக்கென்ன தெரியும்? ஆறு நாள் வாயத் திறக்காது, ஏழாவது நாள் கோர்ட்டுல சாட்சி சொல்லும். அந்தச் சாட்சியால தூக்குல ஏற வேண்டிய மாப்பிள்ளை யாரு, அவன் பல்லுக்கடியில ஒளிச்சு வெச்சிருந்த கோதுமை மணி யாரு குடுத்தது, எதுவும் தெரியாது. எங்க தாத்தா சொல்வாரு. நான் அப்ப தூங்கிட்டேன்."

"நீங்க தூங்கல!" என்று டொனகா கத்தினான். சட்டைக்கையைப் பிடித்து இழுத்தான். பயிற்சி இல்லாத கை. கோட்டின் கை தோளோடு கழன்று வந்துவிட்டது. வீடு கைதட்டியது. பார்ட்லி வெறுங்கையை உயர்த்திக் காட்டினார், ராஜா மாதிரி. தனக்காக ஒரு கோட்டையே கிழித்துவிட்டான் என்று பிறகு வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது உருளை. நிழல் விழாத பெண்ணின் கதையை அவர் கேள்விப்பட்டதே இல்லை என்று நீளமாக விளக்கினார். நாலாவதில், கடலுக்கடியில் அடகு வைத்த மணியோசையை மீட்கப்போன செருப்புத் தைப்பவனைத் தனக்குப் பழக்கமில்லை என்றார். "பாதிக் கதை! பாதிக்கு ஒத்துக்கங்க!" என்று அப்பா நடுவில் புகுந்தார். "பாதிப் பசுவ யாரய்யா கறக்கறது?" என்று பார்ட்லி சீறினார்.

ஐந்தாவதையும் மாட்டிவிட்டேன். எனக்குத் தெரியாமலா இருந்தது, கையிருப்பு ஒன்றுதான் என்று? தெரியும். ஆனால் பேரம் நடக்கிற இடத்தில், மாட்டை ஏற்ற வண்டி இருக்கிறதா என்று நடுவில் கேட்டால் அப்பா என்னைக் கொன்றுவிடுவார். வாயை மூடிக்கொண்டு ஆறாவதையும் மாட்டினேன்.

அப்போதுதான் டொனகா, யாரும் சொல்லிக்கொடுக்காமல், தானாக ஒன்று செய்தான். மணிக்கட்டை விட்டான். தொப்பியை எடுத்தான். "சரிங்க பெரியவரே, இல்லாதத எப்படிக் கேக்கறது!" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு நடந்தான்.

பார்ட்லி நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "எங்கடா போற? நான் இன்னும் முடிக்கல! மூணாவது வாட்டி மறுக்கறதுக்குள்ள எவனாவது போவானா?"

"தாழ்ப்பாள்ல கை வெச்சுட்டேன்" என்றான் டொனகா.

"கிளம்பறான்! புடிங்க அவன!" நாலு பேர் டொனகாவை இழுத்து வந்தார்கள். பார்ட்லி மூன்றாவது மறுப்பைச் சொன்னார். அது பெரியது. தன் நினைவாற்றலைச் சபித்தார், தாத்தாவின் கல்லறையைச் சாட்சிக்குக் கூப்பிட்டார், தனக்குத் தெரியாத இன்னும் ஒன்பது கதைகளின் பெயரையும் முதல் வரியையும் மூச்சு விடாமல் சொன்னார். பிறகு உள்ளங்கையில் துப்பினார். அப்பா சொன்னதை மறந்து டொனகாவும் துப்பினான். அடித்த சத்தத்தில் நாய் கட்டிலுக்கடியில் போய்விட்டது.

பார்ட்லி உட்கார்ந்தார். சுங்கானைப் பற்றவைத்தார். குழாயை இழுத்து வாயருகே வைத்துக்கொண்டு, "முன்னொரு காலத்துல..." என்றார்.

பெட்டிக்குள் கர்ரென்று ஒரு சத்தம். ஊசி வெறும் விளிம்பில் உரசியது.

"சோரகா, அடுத்தது" என்றான் டொனகா.

"அடுத்தது இல்லைங்க."

அவன் என்னைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான், தரையில் வரிசையாக இருந்த ஆறு உருளையையும் பார்த்தான். பாய்ந்து பென்சிலை எடுத்தான். "பரவாயில்லை! நான் கையால எழுதிக்கறேன், நீங்க சொல்லுங்க!"

பார்ட்லி பென்சிலைப் பார்த்தார். "ஃபெஷ்டிக்குப் பதினொரு உருளை. எனக்குப் பென்சிலா?"

"பெரியவரே..."

"மாட்டேன்" என்றார். ஒரே சொல். பிறகு எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார். இந்த மாட்டேன் நிஜமானது என்று வீட்டில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. டொனகாவுக்கும் தெரிந்தது. அவன் யாரையும் கேட்கவில்லை.

சனிக்கிழமை பஸ்ஸில் அவன் போகும்போது முகம் செத்துப்போயிருந்தது. ஒரு கிழவன் இல்லை இல்லை என்று சொல்வதை அரசாங்கத்து மெழுகில் ஆறு உருளை பிடித்து அனுப்பினால் வேலை என்ன ஆகும்? "என்ன எழுதப் போறீங்க?" என்று கேட்டேன். "நடந்தத எழுதணும், அதுதான் விதி" என்றான். ஃபெஷ்டி கடையில் நின்றுகொண்டு சிரித்துச் சிரித்து இருமினார். "பார்ட்லி இல்லைன்னு சொன்னத ஆறு உருளைல பிடிச்சிருக்கானாம்! அது ஒரு வார்த்தைடா, பைத்தியங்களா!" பார்ட்லி கடைப்பக்கமே வரவில்லை. உப்புதான் வேண்டிய அளவு இருந்ததே.

மூன்று வாரம் கழித்து டொனகாவின் கடிதம் வந்தது. என் பெயருக்கு. அலுவலகத்தின் தலைவர் ஆறு உருளையையும் இரண்டு நாள் உட்கார்ந்து கேட்டாராம். இருபத்தாறு கதைகளுக்கு ஆரம்பம் இருக்கிறது, அதில் எட்டு எங்குமே கேள்விப்படாதவை. இப்படி ஒரு பேச்சு இதுவரை அலுவலகத்துக்கு வந்ததில்லை. அந்த பூட்ஸ் பையனை எங்கே கூட்டிக்கொண்டு போயிற்று என்று தெரியாமல் தனக்குத் தூக்கம் வரவில்லை. இந்த மனிதருக்காக மட்டும் ஒரு பெட்டி உருளையோடு உடனே திரும்பிப் போகவும் என்று அவர் டொனகாவுக்கு உத்தரவு போட்டிருந்தார். கடிதத்தை நான் பார்ட்லியின் வீட்டில் சத்தமாகப் படித்தேன். "இன்னொரு தரம் படி" என்றார். நான்கு தரம் படித்தேன். அவர் எழுந்து நாயைக் குளிப்பாட்டச் சொன்னார்.

டொனகா வந்தான். ஒரு கோட்டும் வாங்கி வந்திருந்தான், இரட்டைத் தையல் போட்டது. எங்கள் வீட்டில் டீ வேண்டாம் என்று மூன்று முறை சொல்லிவிட்டுக் குடித்தான். அம்மா மறுபடியும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பார்ட்லி இந்தத் தடவை இரண்டு உருளை மட்டும் மறுத்துவிட்டு, பூட்ஸ் கதையை மூன்று சாயங்காலமாகச் சொன்னார். நோட்டில் பழைய வரியை டொனகா அடித்துவிட்டு ஓரத்தில் ஏதோ எழுதினான். எட்டிப் பார்த்தேன். 'மகா பொய்யர்' என்று இருந்தது. பைபீனிடம் சொன்னேன், பைபீன் அவரிடம் சொன்னாள், அவர் ஒரு வாரம் தலை நிமிர்ந்து நடந்தார்.

நாலாம் நாள் ஃபெஷ்டி கடைக்கு வந்தார். விரல்களை விரிக்கவில்லை. சுற்றிலும் பார்த்துவிட்டுக் கவுண்டருக்கு மேல் குனிந்தார்.

"ஏம்மா சோரகா, என்னோட பதினொண்ணையும் திருப்பி வாங்க முடியுமா?"

"எதுக்கு மாமா?"

"நான் தெரியாம சரின்னுட்டேன்ல. பாஸ்டன் பழக்கம், வாய் முந்திக்கிச்சு. ஊர்ல எல்லாரும் சிரிக்கிறாங்க. ஃபெஷ்டி கேட்டதும் குடுத்துட்டான், விலைபோகாத சரக்குன்னு. ஒரே ஒரு வாட்டி... நானும் இல்லைன்னு சொல்லிப் பாக்கணும்மா."

தங்கப்பல் தெரியாமல் வாயை மூடிக்கொண்டு நின்றார். நான் மாடிக்குப் போய் டொனகாவிடம் சொன்னேன். பஸ் கிளம்ப இரண்டு மணிநேரம்தான் இருந்தது. பெட்டியைக் கட்டி முடித்திருந்தான். அதை அவிழ்க்காமல், தொப்பியை மட்டும் எடுத்துக்கொண்டு, மழையில் நடந்தே போனான்.

ஃபெஷ்டியின் வீட்டு வாசலில் நின்று, "பெரியவரே, உங்ககிட்ட இன்னும் நிறைய கதை இருக்குன்னு சொல்றாங்க" என்றான். என்னிடம் ஏது, எந்தப் பொய்க்காரன் சொன்னான் என்று ஃபெஷ்டி கூவியது எங்கள் கடைவரை கேட்டது. டொனகா மணிக்கட்டைப் பிடித்தான். சட்டைக்கையை இழுத்தான். வாசல்வரை போய்ப் போய்த் திரும்பி வந்தான். அக்கம்பக்கத்தினர் எல்லோரும் வந்து கூடி இரண்டு பக்கமும் சத்தம் போட்டார்கள். அரக்க மேலாளருக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று தனக்குத் தெரியவே தெரியாது என்று ஃபெஷ்டி ஒன்றரை மணிநேரம் மறுத்தார், வேர்த்துக் கொட்ட, முகமெல்லாம் மலர. கடைசிவரை மசியவில்லை. பஸ் கிளம்பும்போது டொனகா சேறும் சகதியுமாக ஓடிவந்து ஏறினான். பின்னாலேயே ஃபெஷ்டி சாலைவரை வந்து, எல்லா ஜன்னல்களுக்கும் கேட்கும்படி, "மாட்டேன்னா மாட்டேன்தான்!" என்று கத்தினார்.